சொந்த மொழி கட்ட மூன்று இலவசக் கருவிகள்: தமிழ் எழுத்தோடு எது ஒத்துப்போகும், எது இழுத்தடிக்கும்

புதிதாக ஒரு மொழியை உண்டாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இணையத்தில் தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சொல் உற்பத்தி செய்கிற 'ஜென்', ஒலி மாற்றங்களை ஓட்டிக் காட்டுகிற 'எஸ்.சி.ஏ.2', அகராதியையும் இலக்கணத்தையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்கிற 'பாலிகிளாட்'. முதல் இரண்டும் மார்க் ரோசன்ஃபெல்டர் தன் ஸாம்பிஸ்ட் தளத்தில் போட்டு வைத்திருப்பவை. மூன்றாவது டிரேக் தாம்சன் எழுதிய திறந்த மூல மென்பொருள். மூன்றுக்கும் சல்லிக் காசு தேவையில்லை.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்றில் உருப்படியானது எஸ்.சி.ஏ.2. பழகுகிறவர்கள் கடைசியாகத் திறப்பதும் அதைத்தான் என்பது பரிதாபம். ஜென்னை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். பாலிகிளாட் நல்ல மென்பொருள், ஆனால் 150 சொல் சேரும் முன்பு அதைத் தொடுவது வீண். மூன்றையும் தமிழ் எழுத்தில் அப்படியே ஓட்டினால் மூன்றுமே காலை வாரும். குறை கருவியில் இல்லை, நம் மொழியிலும் இல்லை. கருவி ஒரு குறியை ஒரு ஒலி என்று எண்ணுகிறது, தமிழ் எழுத்து அப்படி வேலை செய்வதில்லை. அதற்கு வழி உண்டு. இந்த மதிப்புரையில் பாதி அதைப் பற்றித்தான்.

கருவிக்கு முன் கொப்பி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ புத்தகக் கடையில் ஒரு சதுரக் கோட்டு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒலி அட்டவணை. மேலே குறுக்காக ஒலி பிறக்கும் இடம்: உதடு, பல், மேலண்ணம், பின்னண்ணம். இடப்பக்கம் கீழ்நோக்கி ஒலியின் வகை: வல்லினம், மூக்கொலி, உரசொலி, இடையினம். கட்டங்களை நிரப்புங்கள், வேண்டாத கட்டத்தைப் பேனையால் அடித்துவிடுங்கள். ஒன்பது மெய்யும் நாலு உயிரும் போதும்.

18 மெய்யோடும் 12 உயிரோடும் வளர்ந்தவர்களுக்கு இது கஞ்சத்தனமாகப் படும். சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா 9 மெய், 5 உயிரோடு ஓடுகிறது, சொற்களும் 120 சொச்சம்தான். ஹவாய் மொழியில் மெய்யே எட்டுத்தான். ஒலியைக் கூட்டக் கூட்ட மொழிக்கு முகவெட்டு போய்விடும். கேட்கிறவர் காதில் 'இது இன்ன மொழி' என்று நிற்பது அதில் என்ன ஒலி இல்லை என்பதால்தான்.

அட்டவணைக்குக் கீழே ஒரு கேள்வியை எழுதி, பதிலையும் எழுதிவிடுங்கள்: இரண்டு உயிருக்கு நடுவில் வல்லினம் மெலியுமா? தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கடல், அகம், தங்கம் மூன்றிலும் 'க' ஒரே எழுத்து, வாயில் வருவது மூன்று ஒலி. நமக்கு அது தெரியாமலே நடப்பதால், புதிய மொழியிலும் 'பதகு' என்று எழுதிவிட்டு வாய்க்கு வந்தபடி வாசிப்போம். ஒருவர் அழுத்திச் சொல்வார், இன்னொருவர் மென்மையாகச் சொல்வார். எது சரி என்று கொப்பியில் இல்லாவிட்டால் அது இரண்டு மொழி.

மலையகத்துக்காரருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. டவுனுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்குகிறவர்களுக்குச் சிங்களம் காதில் ஏறியிருக்கும். அதில் வல்லொலியும் மெல்லொலியும் தனித்தனி எழுத்து. மாங்காய்க்குச் சொல்லும் 'அம்ப'வில் வருகிற அரை மூக்கொலி தமிழில் கிடையாது. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் உயிரும் அங்கே இருக்கிறது. எட்டாத நாட்டு மொழியிலிருந்து தொண்டையைக் கிழிக்கும் ஒலிகளைத் தேடுவதை விட, காதில் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுப்பது நல்லது. நீங்களே உச்சரிக்க முடியாத ஒலி உங்கள் மொழியில் நிலைக்காது.

தமிழ் எழுத்து ஏன் இடறுகிறது

'கி' நமக்கு ஒரு எழுத்து. கணினிக்கு அது இரண்டு குறி: க, பின்னால் ஒரு கொக்கி. 'க்' என்பதும் இரண்டு குறி: க, மேலே புள்ளி. ஆனால் 'க' ஒரே குறி, அதற்குள் அகரம் ஒளிந்திருக்கிறது. 'இரண்டு உயிருக்கு நடுவில் வரும் க' என்று விதி எழுதினால், 'பகு' என்ற சொல்லில் ப-வுக்குப் பின்னால் இருக்கும் அகரத்தைக் கருவி தேடும். அங்கே குறி எதுவுமே இல்லை. விதி சும்மா கடந்து போய்விடும், பிழை என்றும் சொல்லாது. விதியைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்து ஆட்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுவது ஒரு வழி. பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ள, ழ, ண, ற எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் புள்ளி வைத்த எழுத்துகள் தேவைப்படும், போனில் அதை அடிப்பது தலைவலி. எங்கள் சிபாரிசு வேறு: தமிழ் எழுத்தையே தட்டையாக எழுதுங்கள். மெய்க்குப் புள்ளி வைக்காத எழுத்து, உயிருக்குத் தனி உயிரெழுத்து. 'கி' என்பதை கஇ என்றும், 'பகு' என்பதை பஅகஉ என்றும், 'மன்' என்பதை மஅன என்றும் எழுதுவது. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் ஒரு ஒலிக்கு ஒரே ஒரு குறி, ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. மூன்று கருவியிலும் பிசகாமல் ஓடும். கடைசியில் ஐந்து விதி போட்டு ஒழுங்கான தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதைக் கீழே தருகிறோம்.

இப்படி அடிக்க விசைப்பலகை முக்கியம். ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தால் ககரமும் இகரமும் தானாக ஒட்டி 'கி' ஆகிவிடும், பிரிக்க விடாது. தமிழ்99இலும் அதே கதை. ரெங்கநாதன் விசைப்பலகையில் உயிரெழுத்துக்கும் கொக்கிக்கும் தனித்தனி விசை இருப்பதால் தொல்லை இல்லை. விண்டோஸோடு வரும் இன்ஸ்கிரிப்டிலும் ஷிப்டோடு அடித்தால் தனி உயிர் வரும்.

பாமினியில் மட்டும் அடிக்காதீர்கள். நம் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் இன்னும் பாமினிதான் ராஜா. ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை மாட்டிய எழுத்துரு. திரையில் தமிழ் தெரியும், கருவிக்குப் போய்ச் சேர்வது ஆங்கிலக் குப்பை. எல்லாம் யுனிகோடில் இருக்க வேண்டும்.

ஜென்: அளவோடு

ஜென் உலாவியிலேயே ஓடும், போனிலும் ஓடும். பெட்டிகளில் ஏற்கெனவே மாதிரி எழுத்துகள் இருக்கும், அவற்றை அழித்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். வகைப் பெட்டியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஒரே குறியாக இருக்க வேண்டும், 'மெய்' என்றெல்லாம் போட முடியாது. உங்கள் மொழியில் வராத கிரந்த எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்வது சுலபம்:

ஜ=கதமனபரலசய
ஷ=அஇஉஆ
ஸ=னலர

ஜ என்றால் எல்லா மெய்யும், ஷ என்றால் உயிர், ஸ என்றால் அசையின் கடைசியில் நிற்கக்கூடிய மெய். அசைப் பெட்டியில் வரிக்கு ஒன்றாக ஜஷ, ஜஷஸ, ஷ. இதில் 36, 108, 4 என்று மொத்தம் 148 அசை கிடைக்கும். வெறும் ஜஷ அசைகளை இரண்டிரண்டாகக் கோத்தாலே 1,296 சொல். ஒன்பது மெய் போதாது என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

எழுத்துகளை எழுதும் வரிசை சும்மா அல்ல. முன்னால் இருப்பது அடிக்கடி வரும், பின்னால் போகப் போகக் குறையும். அசைகளுக்கும் அப்படியே. எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதற்கு 'ட்ராப்ஆஃப்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை வேகத்தில் வைத்தால் முதல் எழுத்து சொல்லுக்குச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சமம் என்று வைத்தால் மொழிக்கு வாசனையே இருக்காது. எந்த மொழியிலும் எல்லா ஒலியும் சமமாக வருவதில்லை. மெதுவான தெரிவில் வைத்து, வரிசையைக் கையால் மாற்றி மாற்றிப் பார்ப்பது சரியாக வரும்.

மாற்றெழுத்துப் பெட்டியில் பிடிக்காத சேர்க்கையை வடிகட்டலாம். நடுவில் ஒரு நேர்கோடு, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது:

யஇ|இ

இதைப் போட்டால் 'யி' எங்கும் வராது. போன் விசைப்பலகையில் அந்த நேர்கோடு குறியீடுகளின் இரண்டாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

முதலில் முழு அசைப் பட்டியலையும் எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஒன்பது மெய்யையும் நாலு உயிரையும் குலுக்கினால் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு கெட்ட வார்த்தை கட்டாயம் விழும். அதைப் பிறகு தெய்வத்தின் பெயராக வைத்துவிட்டுத் திண்டாட வேண்டியதில்லை.

இனி ஜென்னின் குறை. அது 500 சொல்லை ஒரு நொடியில் கொட்டும். புதியவர் அந்த 500க்கும் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துப் பொருள் எழுதி, மொழி முடிந்தது என்று நினைத்துவிடுவார். அந்தச் சொற்களுக்குள் உறவு எதுவும் இருக்காது. 'நட', 'நடை', 'நடப்பு', 'நடத்து' மாதிரி ஒரு வேரிலிருந்து கிளைப்பது இல்லை. நல்ல முறை வேறு: 60 வேர் எடுங்கள், 5 விகுதி எடுங்கள், மற்றதைக் கையால் கட்டுங்கள். 60ஐ 5ஆல் பெருக்கினால் 300. அதில் பாதி பொருந்தாமல் போனாலும் 150 சொல் குடும்பம் குடும்பமாக நிற்கும். 'நான்', 'இது', 'வா', 'இல்லை' போன்ற நாளெல்லாம் புழங்கும் சொற்களுக்குக் குட்டைச் சொற்களை ஒதுக்கிவையுங்கள். நாலசைச் சொல்லை 'நான்'க்குக் கொடுத்தால் பத்து வாக்கியத்தில் நாக்கு தளர்ந்துவிடும்.

எஸ்.சி.ஏ.2: இதற்காகவே மற்றதைச் சகிக்கலாம்

பழைய வடிவத்தைக் கொடுத்து, விதிகளைக் கொடுத்தால், காலப்போக்கில் தேய்ந்த வடிவத்தைத் தரும் கருவி இது. ஒரு விதிக்கு மூன்று பகுதி: எது, எதுவாக, எங்கே. சாய்கோட்டால் பிரிக்க வேண்டும். கீழ்க்கோடு மாறும் ஒலி நிற்கும் இடத்தைக் காட்டும், # சொல்லின் எல்லை. ஜென்னில் வைத்த ஜ, ஷ, ஸ வகைகளையே இங்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

க/ஹ/ஷ_ஷ
உ//_#

முதல் விதி: இரண்டு உயிருக்கு நடுவில் க, ஹ ஆகும். இரண்டாவது: சொல் கடைசியில் உகரம் உதிரும். இதே இரண்டு விதியை வைத்து வரிசையின் வேலையைப் பாருங்கள். மூலச் சொல் பஅகஉ, பன்மைக்கு மஇ சேர்த்தால் பஅகஉமஇ.

மேலே உள்ள வரிசையில் ஓட்டினால் பஅகஉ முதலில் பஅஹஉ ஆகும், பிறகு உகரம் உதிர்ந்து பஅஹ. பன்மை பஅஹஉமஇ. ஒருமை பஹ், பன்மை பஹுமி. சுவாரசியம் ஒன்றும் இல்லை.

வரிசையைத் திருப்புங்கள். உகரம் முதலில் உதிர்கிறது: பஅக. இப்போது க-வுக்குப் பின்னால் உயிர் இல்லை, அடுத்த விதி தொடாது. பன்மையில் உகரம் கடைசியில் இல்லாததால் தப்பிவிடுகிறது, க இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டி ஹ ஆகிறது. ஒருமை பக், பன்மை பஹுமி. பன்மையில் மெய் மாறும் என்று எவரும் இலக்கணம் எழுதவில்லை, தானாக விழுந்தது. நிஜ மொழிகளில் விதிவிலக்கு என்று நாம் மனப்பாடம் செய்கிறவற்றில் நிறைய இப்படித்தான் வந்தவை. அதைக் கையால் கற்பனை செய்தால் செயற்கையாகத் தெரியும். இந்தக் கருவி அதை இரண்டு வரியில் தருகிறது.

எந்த விதி எந்தச் சொல்லைத் தொட்டது என்று அறிக்கை தரும் தெரிவு ஒன்று கீழே இருக்கிறது. அதை எப்போதும் 'டிக்' போட்டு வையுங்கள். எதையும் தொடாத விதி இருந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டு: வகைப் பட்டியலில் அந்த ஒலி விடுபட்டிருக்கும் (ஹ புதிதாக வந்தது, ஜ பட்டியலில் சேர்த்தீர்களா?), அல்லது சொல்லுக்குள் எங்கோ ஒட்டிய உயிர்மெய் நுழைந்திருக்கும். விதிகளை ஆறுக்கு மேல் ஆரம்பத்திலேயே அடுக்க வேண்டாம். இருபது விதி ஓட்டினால் எல்லாச் சொல்லும் ஒரே அசைக்குத் தேய்ந்து, வெவ்வேறு சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

சொன்னபடி, தட்டை எழுத்தை வழக்கமான தமிழ் எழுத்துக்கு மாற்றும் விதிகள் இதோ. ஒலி மாற்றம் முடிந்த சொற்களை மீண்டும் ஒருமுறை உள்ளே போட்டு, வகைகளை இப்படி மாற்றுங்கள்:

ஜ=கதமனபரலசயஹந
ஷ=இஉஆ
ஸ=ிுா

விதிகள்:

ன/ந/#_
/்/ஜ_ஜ
/்/ஜ_#
ஷ/ஸ/ஜ_
அ//ஜ_

முதல் விதி சொல்லின் தொடக்கத்தில் வரும் ன-வை ந ஆக்குகிறது, நம் கண்ணுக்கு அதுதான் பழக்கம். இரண்டும் மூன்றும் புள்ளி வைக்கின்றன. அவற்றில் 'எது' என்ற பகுதி வெறுமையாக இருக்கும், புதிதாக ஒன்றை நுழைக்க அதுவே முறை. நாலாவது உயிரைக் கொக்கியாக்குகிறது. ஷ-வில் உள்ள வரிசையும் ஸ-வில் உள்ள வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும், இடம் மாறினால் 'கி' எல்லாம் 'கு' ஆகும். கடைசியாக அகரத்தை அழிப்பது. இதை முன்னால் கொண்டுபோனால் 'கம' என்பது 'க்ம்' ஆகிவிடும், ஏனென்றால் அகரம் போன பிறகு இரண்டு மெய் ஒட்டி நிற்பதாகவும் சொல் மெய்யில் முடிவதாகவும் கருவி நினைத்துப் புள்ளி வைக்கும்.

தனியாக நிற்கும் கொக்கிகள் திரையில் புள்ளி வட்டத்தோடு தெரியும், புள்ளி சாய்கோட்டின் தலையில் ஏறி உட்காரும். அது காட்சிக் கோளாறுதான், விதி வேலை செய்யும். ஒ, ஓ, ஔ சேர்க்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொ'வின் கொக்கியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், முன்கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு குறியாக அடித்தது பட்டியலில் புகுந்தால் அதற்குப் பிந்திய எழுத்துகள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும்.

ஜென், எஸ்.சி.ஏ.2 இரண்டுக்கும் ஒரு பொதுக் குறை: உங்கள் விதிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. பக்கத்தை மூடும் முன் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு குறிப்புக் கோப்பில் போட்டுவிடுங்கள். இரண்டும் உலாவிக்குள்ளேயே கணக்குப் பார்ப்பவை என்பதால், பக்கத்தை முழுமையாகச் சேமித்துவைத்தால் ரீலோட் தீர்ந்த நாளிலும், சிக்னல் ஒரு கோடாகக் குறையும் லயத்திலும் வேலை நடக்கும்.

பாலிகிளாட்: சொல் சேர்ந்த பிறகு

ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், போனில் ஓடாது. லெப்டொப் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், 150 சொல்வரை கொப்பியோ எக்ஸெல் தாளோ தாராளம். பிறகு அந்தத் தாளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி பாலிகிளாட்டில் இருக்கிறது.

திறந்ததும் சொல் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் மொழிப் பண்புகள் பக்கம்: பெயர், எழுத்துரு, அகரவரிசை. அகரவரிசையை நிரப்பாவிட்டால் அகராதி வரிசை தாறுமாறாகும். அடுத்து சொல் வகைகள்: பெயர், வினை, இன்னும் என்னென்ன என்று. வகை இல்லாமல் 200 சொல் ஏற்றிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரிய அலுப்பு.

இதன் பலம் வேற்றுமை, வினைத் திரிபுகளைத் தானாக உண்டாக்குவது. எண், வேற்றுமை என்று பரிமாணங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று விதி எழுதினால், எந்தச் சொல்லை எடுத்தாலும் முழு வாய்ப்பாடும் வரும். விதிகள் 'ரெகெக்ஸ்' முறையில், அதாவது எழுத்துக் கோலத்தைத் தேடி மாற்றும் குறியீட்டில். இங்கேயும் தட்டை எழுத்துத்தான் காப்பாற்றும். 'கடைசி எழுத்தை நீக்கு' என்று தமிழ் எழுத்தில் விதி எழுதி 'பதகி'யில் ஓட்டினால் 'பத' வராது. கொக்கி மட்டும் போய் 'பதக' என்று நிற்கும்.

வாய்ப்பாட்டை ஊதிப் பெருக்காதீர்கள். எட்டு வேற்றுமை, இரண்டு எண் என்றால் ஒரு பெயர்ச்சொல்லுக்கு 16 வடிவம். மூன்று காலமும் ஒன்பது இட எண்களும் போட்டால் ஒரு வினைக்கு 27. தமிழ் பேசுகிறவர்களுக்கு 'வந்தேன், வந்தாய், வந்தான்' இல்லாமல் வினையே இல்லை என்று தோன்றும். பேச்சுச் சிங்களத்தைக் கவனியுங்கள்: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. ஆள் மாறினாலும் வினை அசையவில்லை, யாருக்கும் குழப்பமும் இல்லை. பன்மைக்கு விகுதி சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் நம் பழக்கம்தான். சிங்களத்தில் ஒரு புத்தகம் 'பொத', பல புத்தகம் 'பொத்'. பன்மை ஒருமையைவிடக் குட்டை. இப்படி ஒன்றை உங்கள் மொழியில் வைத்தால் பாலிகிளாட்டில் அது ஒரே விதி: கடைசி அகரத்தை நீக்கு.

இடத்தைச் சொல்லும் முறையிலும் நம் மண்ணே கைகொடுக்கும். மெக்சிகோவின் மலைப் பகுதியில் பேசப்படும் செல்டால் மொழியில் 'மேட்டுப் பக்கம்', 'பள்ளத்துப் பக்கம்' என்று திசை சொல்வது வழக்கம். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று சொல்லி வளர்ந்தவர்கள் அதை ஒரு இலக்கணமாகவே எழுப்பலாம்: மேட்டுக்கு ஒரு விகுதி, பள்ளத்துக்கு ஒன்று, அதே மட்டத்தில் குறுக்காகப் போவதற்கு ஒன்று. இடம், வலம் என்ற சொற்களே தேவைப்படாது.

சொல் எத்தனை வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழருக்குத் தெரிந்த அளவுகோல் 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி. 2015இல் திரையில் வந்தபோது சுமார் 750 சொல்லும் 40 இலக்கண விதியும் என்று சொல்லப்பட்டது. வசனம் பேச அது போதுமானது. பழகுகிறவருக்கு அதில் கால்வாசி போதும். சொல் எண்ணிக்கையைவிட வாக்கியச் சோதனைதான் மொழியைக் காட்டிக்கொடுக்கும். இதைப் பெயர்த்துப் பாருங்கள்: 'நேற்றுப் பெய்த மழையில் மண் சரிந்த ரோட்டை இன்றைக்குத் திறந்தார்கள்.' இரண்டு பெயரெச்சம், வேற்றுமை உருபுகள், யார் என்று சொல்லாத ஒரு எழுவாய். இப்படிப் பத்து வாக்கியம் பெயர்த்தபின், ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். பத்திலும் வரிசை தமிழோடு ஒன்றுக்கொன்று பொருந்தினால் அது மொழி ஆகவில்லை, தமிழுக்கு மாட்டிய முகமூடி. அப்போது தொட வேண்டியது அகராதியை அல்ல, பெயரெச்சத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதை.

சொந்த எழுத்து வடிவம் வரைகிறவர்கள் ஃபொன்ட்ஃபோர்ஜில் எழுத்துருவாக்கி பாலிகிளாட்டில் ஏற்றலாம், அது மொழிக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். தமிழ் எழுத்தின் இடத்தில் உங்கள் வடிவத்தை வைப்பதாக இருந்தால், உயிர்மெய்க் கொக்கிகளின் இடத்தை விட்டுவிட்டுத் தனி உயிர்களின் இடத்தில் மட்டும் வையுங்கள். கெ, கே, கை கொம்புகளைக் கணினி தானாக மெய்க்கு முன்னால் தள்ளிவிடும், உங்கள் எழுத்து வரிசை கலையும்.

பாலிகிளாட்டின் கோப்பு பி.ஜி.டி. என்று முடியும். உண்மையில் அது ஒரு ஸிப், உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல்., அதாவது சாதாரண எழுத்தாகத் திறந்து வாசிக்கக்கூடிய கோப்பு. என்றைக்காவது மென்பொருள் திறக்க மறுத்தால், நகல் ஒன்றின் வாலை ஸிப் என்று மாற்றித் திறந்து சொற்களை மீட்கலாம். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள் பத்துச் சொல்லுக்கு ஒருமுறை சேமிப்பதும், வாரத்துக்கு ஒரு நகலைப் பென் டிரைவில் போடுவதும் நல்லது.

காசு கொடுத்து வாங்கும் வகையைப் பற்றியும் கேட்கிறார்கள். வல்கர்லாங் போன்றவை ஒரு பொத்தானில் ஒலி, இலக்கணம், ஆயிரக்கணக்கில் சொல் எல்லாம் தரும். நாவல் எழுதுகிறவருக்கு ஊர்ப் பெயர் அவசரமாக வேண்டுமென்றால் சரி. பழகுகிறவர் அதை வாங்கினால் பொழுதுபோக்கையே இன்னொருவரிடம் கொடுத்த மாதிரி.

அகராதியைத் தாளில் பார்க்க விரும்பினால் பாலிகிளாட்டிலிருந்து பி.டி.எஃப். ஆக எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, பக்கம் முழுக்கப் பெட்டி பெட்டியாக அச்சாகும். 300 சொல் அகராதியை ஏ4இன் இரண்டு பக்கமும் அடித்துக் கொப்பிக்குள் ஒட்டிவையுங்கள். புதுச் சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதி, முப்பது சேர்ந்ததும் கணினியில் ஏற்றினால் போதும்.